மூன்று மீற்றரிலிருந்து இருபத்தைந்து மீற்றர் வரை

1

முதற்கண் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கதை எழுதத் துணிந்தமைக்கு. இருபத்தாறு ஆண்டுகளாகத் தில்லையடிப் பக்கத்துப் பாடசாலையொன்றில் தமிழ் கற்பித்து வருகிறேன். பிறருடைய வாக்கியங்களின் கீழ் சிவப்பு மையால் கோடிட்டிருக்கிறேனே தவிர, சொந்தமாக ஒரு வாக்கியத்தைக்கூட அச்சுக்கு அனுப்பியவனல்லன். பிழைகள் இருந்தால் பொறுத்தருளுங்கள். கோடிட விரும்பினால், தயவுசெய்து பென்சிலால் இடுங்கள்.

கதை பிறந்த விதத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கடந்த செப்டெம்பரில் ஒரு மாலை, என் தங்கை ரம்ஸியாவின் கணவர் ஃபாஹிம் வாசலில் செருப்பைக் கழற்றியபடியே கேட்டார்:

"மச்சான், ஸ்கூல் ஸ்டொப் வொச்ச ஒரு மாசத்துக்கு எடுக்க ஏலுமா?"

"என்னத்துக்கு?"

"பிஸ்டல் எடுத்துப் பழக."

நான் அதிபருக்கு முறைப்படி கடிதம் எழுதினேன். காரணம்: 'விளையாட்டுப் பயிற்சி'. இந்தக் கதையின் முதல் புனைவு அந்தச் சொற்றொடர்தான். அதற்கு அதிபரின் கையொப்பமும் கிடைத்தது.

2

எப்படித் தொடங்குவது என்று பன்னிரண்டு நாள்கள் தவித்தேன். வெட்டியவற்றையும் உங்கள் முன் வைப்பதே நேர்மை என்று கருதுகிறேன்.

முதல் தொடக்கம்: 'கற்பிட்டிக் குடாநாட்டின் மீது கதிரவன் தன் பொற்கிரணங்களை—'

(நிறுத்தினேன். பயிற்சி காலை பத்தரைக்கு நடந்தது. பொன்னும் இல்லை, கிரணமும் இல்லை. தலையைப் பிளக்கும் வெயில்.)

இரண்டாம் தொடக்கம்: 'ஆயுதம் என்பது மனித குலத்தின் அச்சத்திலிருந்து—'

(இது உயர்தர மாணவரின் கட்டுரை. நானே நூற்றுக்கு நாற்பத்தெட்டுத்தான் போடுவேன்.)

மூன்றாம் தொடக்கம்: 'ஃபாஹிமின் கை பிந்தியது.'

இதை வைத்துக்கொள்கிறேன்.

ஒரு சங்கடம். நேரில் அவரை 'நீங்கள்' என்றுதான் பேசுவேன். கதையில் 'அவர்' என்று எழுதினால் அவர் இருபத்தைந்து மீற்றர் தள்ளிப் போய் நிற்கிறார். 'அவன்' என்று எழுதினால்தான் பக்கத்தில் வருகிறார். ஆகவே, அவருடைய அனுமதியின்றியே, இனி அவன்.

3

ஃபாஹிமின் கை பிந்தியது.

மாம்புரியில், தென்னந்தோட்டம் ஒன்றின் கடைசியில், ஆளுயர மண்வரம்பு. அதன் முன் ஆறு காட்போட் மனிதர்கள். ஒவ்வொருவரின் நெஞ்சிலும் ஒரு கட்டம். கட்டத்துக்குள் இரண்டு வெடியும் விழ வேண்டும். மூன்று மீற்றருக்கு ஒன்றரைச் செக்கன். பின்னர் ஐந்து மீற்றர், ஏழு, பத்து, பதினைந்து. கடைசியில் இருபத்தைந்து மீற்றர்; அதற்கு நான்கு செக்கன். பயிற்றுநர் கில்பட்டின் கையிலிருந்த சிறு பெட்டி கீச்சிட்டதும், இடது கையால் சட்டையை விலக்கி, வலது கையால் இடுப்பு உறையிலிருந்து கைத்துப்பாக்கியை உருவி, இரு கையாலும் பிடித்துச் சுட வேண்டும். கடைசி வெடிச் சத்தம் வரைக்கும் பெட்டி நேரம் பிடிக்கும்.

"ரெண்டு தசம் ஒண்டு," என்றார் கில்பட். "மூண்டு மீற்றர்ல நிக்கிறவன் உனக்கு இவ்வளவு நேரம் தருவானெண்டால் அவன் நல்ல மனுசன். அவனச் சுடாத."

"திரும்ப எடுக்கிறன் சேர்."

கீச்.

"ரெண்டு. முன்னேற்றம் கிடக்கு. அடுத்த பெருநாளைக்குள்ள சரிவரும்."

ஐந்து மீற்றரிலும் பிந்தியது. ஏழிலும் பிந்தியது. பத்தில் மயிரிழையில் தப்பினான். பதினைந்தில் நேரம் மிஞ்சியது. இருபத்தைந்தில் மூன்று தசம் நான்கு செக்கன். இரண்டு துளைகளையும் ஒரு சோடாப் போத்தல் மூடியால் மறைத்துவிடலாம்.

கில்பட் நடந்து போய்த் துளைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். ஐம்பத்தெட்டு வயது, கடற்படையில் இருந்து ஓய்வுபெற்றவர், கற்பிட்டிக்காரர்.

"இப்பிடி ஒருத்தன நான் கண்டதில்லயடா. எல்லாரும் எட்டப் போகப் போகத்தான் பிழை விடுவினம். நீ கிட்டத்தில பிழை விடுறாய். எட்டத்தில இருக்கிறவன் உனக்குப் பயந்து ஓடோணும். கிட்ட வாறவன் உன்னோட பிளேன்டீ குடிச்சிட்டு, வேலைய முடிச்சிட்டுப் போவான்."

ஃபாஹிம் சிரிக்கவில்லை. துப்பாக்கியை உறையில் வைத்துவிட்டு உள்ளங்கையைக் காற்சட்டையில் துடைத்தான். சிரிக்க முடியாத காரணத்தை வாசகர் அறிய வேண்டும்.

பதினான்கு ஆண்டுகளாக அவன் ஒரு பாதுகாப்பு நிறுவனத்தின் ஊழியன்.* கடலோரமாக இறால் பண்ணையும் விடுதியும் வைத்திருக்கும் முதலாளி ஒருவருக்கு மெய்க்காவல். பட்டப்பகலில் சூடு விழும் செய்திகள் நாட்டில் பெருகிய பிறகு, ஆயுதம் தரிக்கும் எல்லாரும் புதிதாக ஒரு சுடும் சோதனைக்கு நிற்க வேண்டும் என்று நிறுவனம் அறிவித்தது. ஒக்டோபர் பதினெட்டு. ஆறு தூரத்திலும் தேற வேண்டும். தேறாதவர்கள் ஆயுதத்தை ஒப்படைத்துவிட்டு ஹம்பாந்தோட்டையில் ஒரு களஞ்சியசாலையின் வாசலுக்குப் போக வேண்டும்.

எட்டு வயதில், வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்ட தொண்ணூறாம் ஆண்டில், எருக்கலம்பிட்டியிலிருந்து ஒரேயொரு பையோடு வெளிக்கிட்டவன் அவன். இனி என் வாழ்க்கையில் பை கட்டமாட்டேன் என்று நிக்காஹ் முடிந்த கிழமையே ரம்ஸியாவிடம் சொல்லியிருந்தான். அவர்களின் மகள் அஸ்காவுக்கு வருகிற ஆண்டு சாதாரணதரப் பரீட்சை. ஆக, பிந்திய அந்த அரைச் செக்கனுக்குள் ஒரு வீடு இருந்தது.

(* நிறுவனத்தின் பெயரைச் சொல்வது மரியாதையல்ல. அவர்கள் என்னிடம் ஒரு தடவை நாற்காலி எடுத்துப் போட்டுப் பேசியிருக்கிறார்கள்.)

4

கில்பட்டைப் பற்றி எனக்கொரு சந்தேகம் இருக்கிறது. கதைக்கு அவர் மிகவும் வசதியாக அமைந்துவிட்டார். பகிடியாகப் பேசுகிறார், நல்ல மனம் படைத்தவராகவும் இருக்கிறார். இத்தகைய பாத்திரத்தை மாணவர் எழுதினால் ஓரத்தில் 'நம்பும்படி இல்லை' என்று குறித்திருப்பேன். ஓர் இடத்திலாவது அவர் எரிந்து விழட்டும் என்று முயன்றேன். 'கில்பட் பெட்டியை மணலில் வீசியெறிந்து—' (அவர் எறியவில்லை. அந்தப் பெட்டி அவருடைய மருமகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பியது.) நல்லவராகவே விட்டுவிடுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

காரணத்தைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். கைத்தொலைபேசியில் ஃபாஹிமைப் படம் பிடித்து, ஆறுதலாக ஓடவிட்டுப் பார்த்தார். ஒரு தென்னை நிழலில் இருவரும் தலையோடு தலை முட்டக் குனிந்து நின்றார்கள்.

"இதில பார். பெட்டி கத்துது. கை அசையல்ல. முகத்தில என்னமோ அசையுது. என்னடா சொல்றாய்?"

"ஒண்டுமில்ல சேர்."

"எண்ணுறியா?"

"இல்ல சேர்."

"என்னையா ஏசுறாய்?"

ஃபாஹிம் மணலைப் பார்த்தான். "பிஸ்மி சொல்றன் சேர். அல்லாட பேரச் சொல்லித் தொடங்குறது."

கில்பட் தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"நானும் சிலுவை போடுற ஆள்தான். ஆனா வீட்டில போட்டிட்டு வாறன். இதில நிண்டு, எதிரில நிக்கிறவன் துவக்க எடுத்த பிறகு போட்டனெண்டால், மிச்சத்தப் பங்குச் சுவாமி வந்து எனக்குப் போடோணும். முன்னுக்கே சொல்லிப்போட்டு நில்லன்."

"சொல்லிப் பாத்தன் சேர். ஓதிட்டுத்தான் நிக்கிறன். பெட்டி கத்தினதும் வாய் இன்னொருக்காச் சொல்லுது. வாய் சொல்லி முடியிற வரைக்கும் கை வருகுதில்ல."

5

அந்தக் கைக்கு ஒரு வரலாறு உண்டு. சுருக்கமாகச் சொல்கிறேன்.

பன்னிரண்டு வயதிலிருந்து இருபத்திரண்டு வரை ஃபாஹிம் அத்தாஉல்லா காக்காவின் கோழிக் கடையில் அறுத்தான். வெள்ளிக்கிழமைகளில் நூற்றைம்பது, பெருநாள் காலத்தில் முந்நூறு. அத்தாஉல்லா காக்கா கதவருகே கதிரையில் இருந்தபடி அவனுடைய வாயை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பாராம். கத்தியைப் பார்ப்பதில்லை.

"ஒரு கோழிக்கு ஒரு பிஸ்மி. காலையில மொத்தமாச் சொல்லி வெச்சிக்கிட்டு நாள் முழுக்க அறுக்க ஏலாது. கத்தி வைக்கக்க சொல்லோணும். வாய் அசையாட்டி அந்தக் கோழி நாய்க்கு."

மூன்று கோழிகள் நாய்க்குப் போயின. நான்காவது போகவில்லை. அதன் பிறகு அவனுடைய நாக்கு அசையாமல் அவனுடைய வலது கை எதையும் தொடங்கியதில்லை. பூட்டைத் திறப்பதும் சோற்றைப் பிசைவதும் மோட்டார் சைக்கிளை உதைப்பதும் அப்படியே. எல்லாரும் சொல்வதுதான், ஆனால் எங்களில் பெரும்பாலானோருக்கு அது கையோடு ஓடும் சொல். அவனுக்கு அது கையைத் திறக்கும் சொல்.

(இந்த இடத்தில் நீண்ட பந்தியொன்று எழுதினேன். மூன்று மீற்றரில் நிற்கும் காட்போட் மனிதன் கோழியைப் போலக் கைக்கெட்டும் உயிராகத் தெரிகிறான். எட்ட நிற்பவன் வெறும் மட்டையாகிவிடுகிறான். அதனால்தான் கிட்டத்தில்— நல்ல பந்தி. அடித்துவிட்டேன். ஃபாஹிம் எல்லாத் தூரத்திலும் சொன்னான். எட்டத்தில் சொல்வதற்கு நேரம் இருந்தது, அவ்வளவே.)

அன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு என் தங்கைதான் முதலில் பயந்தாள்.

"சோதனைக்குக் கொழும்பிலேருந்து ஆள் வருவான். பிஸ்டலக் கையில வெச்சிக்கிட்டு அரபில என்னமோ ஓதிட்டுச் சுடுறான் எண்டு எழுதிட்டுப் போனா என்ன செய்வீங்க? வேலையோட போகுமா இது?"

"சத்தமாச் சொல்றல்லயே புள்ள."

"வாய் அசைஞ்சாக் காணும். இந்தக் காலத்தில வாய் அசைஞ்சாலே காணும்."

அவள் காரணமில்லாமல் சொல்லவில்லை. ஈஸ்டர் குண்டுகளுக்குப் பிந்திய மே மாதத்தில் வீட்டைச் சோதித்தவர்கள் குர்ஆனுக்கு விளக்கம் சொல்லும் ஒரு தப்ஸீர் நூலையும் அவளுடைய தையல் கத்தரிக்கோலையும் கொண்டு போனார்கள். கத்தரிக்கோல் திரும்பி வந்தது.

ரம்ஸியா பாத்திரங்களோடு உள்ளே போன பிறகு, அவன் என் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினான்.

"மச்சான், நீங்க படிச்ச ஆள். பிஸ்மி சொல்லி மனுசனச் சுடலாமா?"

"நல்ல கேள்வி," என்றேன்.

வகுப்பில் விடை தெரியாதபோது நான் சொல்வதும் அதுதான். அவன் காத்திருந்தான். பிறகு காத்திருப்பதை நிறுத்திவிட்டான். மௌலவி ஒருவரிடம் கேட்கலாமே என்று நானும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. விடை கிடைத்துவிட்டால் பதினான்கு ஆண்டுகளையும் அதற்கேற்பத் திருத்த வேண்டி வரும் அல்லவா?

6

இந்தப் பகுதியை முதல் இரண்டு வரைவுகளில் இவ்வாறு எழுதியிருந்தேன்: 'கில்பட் ஒரு வழி சொன்னார். வாயில் ஒரு மிடறு தண்ணீரை வைத்துக்கொண்டு பழகு என்றார்.'

அது பொய். கில்பட் அப்படிச் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

மஃரிப் தொழுகைக்காகப் பள்ளிவாசல் ஹவுளில், தண்ணீர்த் தொட்டியருகே, வாய் கொப்பளித்து அவன் வுழூச் செய்துகொண்டிருந்தான். நான் பின்னாலிருந்து ஸலாம் சொன்னேன். வாயில் தண்ணீர் இருந்ததால் பதில் சொல்ல இயலாமல் கையை மட்டும் காட்டினான். அந்தக் கணத்தில் எனக்குத் தோன்றியது. தொழுகை முடியும் வரைகூட அதை என்னால் ஒதுக்கி வைக்க முடியவில்லை. சுஜூதில் நெற்றி தரையில் இருந்தபோதும் அதையே யோசித்தேன். வெளியே வந்து செருப்பைப் போடும்போது அவனிடம் சொன்னேன். இருபத்தாறு ஆண்டுகளில் நான் சொன்ன ஒன்றை ஒருவர் உடனே செய்து பார்த்தது அதுவே முதல் தடவை.

பயிற்சி கிணற்றடியில் நடந்தது. ஆயுதத்தை வேலை முடிந்ததும் நிறுவனத்தில் ஒப்படைக்க வேண்டியிருந்தபடியால், பிஸ்டல் அளவுக்குச் சீவிய ஒரு மரத்துண்டு. இடுப்பில் உண்மையான உறை. மதிலில் மூன்று கரிக்கோடுகள். வாயில் ஒரு மிடறு தண்ணீர். நான் "ம்" என்பேன், அவன் உருவுவான், கை நீண்டு விரல் இரண்டு தடவை மடங்கியதும் பாடசாலைக் கடிகாரத்தை அழுத்துவேன்.

முதல் நாள் இரண்டு செக்கன். வாய் தன் பாட்டில் அசைந்தது; தண்ணீர் மூக்கால் வந்தது.

"நாப்பத்து மூண்டு வயசில சட்டைய நனைக்கிறார்," என்று சமையலறை யன்னலில் ரம்ஸியா சிரித்தாள். "பால் குடிக்கிற புள்ளைக்குக் கட்டுற துணி ஒண்டு தரட்டா?"

அவன் இருமிக்கொண்டே சிரித்தான். அந்த முற்றத்தில் அப்படியொரு சிரிப்பு அதன் பிறகு கேட்டதாக எனக்கு நினைவில்லை.

ஐந்தாம் நாள் ஒன்று தசம் எட்டு. ஒன்பதாம் நாள் ஒன்று தசம் ஐந்து. சட்டை நனையவில்லை. பதினான்காம் நாள் தண்ணீரைத் துப்பிவிட்டு வெறும் வாயோடு நின்றான். ஒன்று தசம் மூன்று. உதடு கல்லைப் போலிருந்தது.

"போயிட்டுது மச்சான்," என்றான்.

நான் கைதட்டினேன். இதை எழுதாமல் விடலாமா என்று நான்கு நாள்கள் யோசித்தேன்.

7

கதையில் இந்த இடத்துக்கு ஓர் அழகான திருப்பம் தேவைப்படுகிறது. நடந்தது அழகாக இல்லை. மிகச் சிறியதாக இருந்தது.

பகல் சாப்பாடு. சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, பொரித்த கட்டா மீன். அஸ்கா அவனுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாப்பா, நீங்க பிஸ்மி சொல்லல்ல."

"சொன்னன்."

"இல்ல வாப்பா. மூணு வாய் சாப்பிட்டீங்க. நான் பாத்துக்கிட்டுத்தான் இரிந்தன்."

மறந்தவர்கள் இடையில் சொல்லும் வாசகம் ஒன்றுண்டு. அதைச் சொன்னான். மறுநாளும் அதையே சொன்னான். மோட்டார் சைக்கிளில் பாலாவி வரைக்கும் போய், நினைவு வந்து, ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, மறுபடி தொடங்கினான். தண்ணீரின் அளவை அவன் கணக்கிட்டுத்தான் வாயில் வைத்தான். அது எங்கே வரைக்கும் நனைக்கும் என்பதை இருவருமே கணக்கிடவில்லை.

கில்பட்டுக்கு மட்டும் சந்தோசம். "ஒண்டு தசம் மூண்டு! எந்தக் கடையில வாங்கினாய் இந்தக் கைய?" என்று கேட்டார். தூரத்தைக் கூட்டிப் பார்க்கவில்லை. எட்டத்தில் அவன் புலி என்பது ஏற்கெனவே தெரிந்த செய்தி அல்லவா? எஞ்சியிருந்த நாள்கள் முழுவதும் மூன்று, ஐந்து, ஏழு மீற்றரிலேயே கழிந்தன. தவறு அங்கேதான் நடந்தது. அது கில்பட்டின் தவறா, என்னுடையதா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை.

8

ஒக்டோபர் பதினெட்டு, சனிக்கிழமை. கொழும்பிலிருந்து வந்த பரீட்சகர் வெயிலுக்கு வெள்ளைத் தொப்பி அணிந்த, களைத்துப்போன ஒரு மனிதர். எல்லாருக்கும் வணக்கம் சொன்னார். நான் ஒரு தென்னையோடு ஒட்டிக்கொண்டு நின்றேன்.

மூன்று மீற்றர்: ஒன்று தசம் இரண்டு எட்டு. பரீட்சகர் பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டுக் குறித்துக்கொண்டார். ஐந்து, ஏழு, பத்து எல்லாம் கட்டத்துக்குள். பதினைந்தில் ஒரு வெடி கோட்டில் பட்டது. கோடு கணக்கில் சேரும் என்றார்.

இருபத்தைந்து மீற்றர்.

கீச். ஒரு செக்கனில் கை நீண்டுவிட்டது. மூன்று செக்கன் மீதமிருந்தது. ஃபாஹிம் துப்பாக்கியின் முன்குறிக்கு மேலாகக் காட்போட் மனிதனைப் பார்த்தான். முன்னர் இதற்கெல்லாம் முன்னால் ஒரு சொல் இருந்தது. சொல் முடிந்ததும் மூச்சு நின்றது; அதன் பிறகே கை நீண்டது. மூச்சு நின்ற இடத்தில் விரல் மடங்கியது. இப்போது மூச்சு போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. அதில் எந்த இடத்தில் நிற்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. முதல் வெடி மண்ணில். இரண்டாவது தோளுக்கு வெளியே.

"தவ எக்க வாரயக்," என்றார் பரீட்சகர் சிங்களத்தில். இன்னொரு தடவை. ஒவ்வொருவருக்கும் ஒரேயொரு மறுவாய்ப்பு விதியில் உண்டு.

ஃபாஹிம் திரும்பிக் கில்பட்டைப் பார்த்தான். கில்பட் தன் உதட்டைத் தொட்டுக் காட்டினார். சொல்லு.

கீச். அவன் சொன்னான். நான் கண்டேன், உதடு தெளிவாக அசைந்தது. மனப்பாடம் செய்த செய்யுளை மேடையில் ஒப்புவிக்கும் மாணவனைப் போல, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னான். கை காத்திருக்கவில்லை. அது எப்போதோ நீண்டிருந்தது. சொல் பின்னால் ஓடிவந்தது, அறிமுகமில்லாத ஓர் ஆளைப் போல. முதல் வெடி கட்டத்துக்குள் விழுந்தது. இரண்டாவது—

பரீட்சகர் அவனுடைய வாயைப் பார்க்கவேயில்லை. தொடக்கம் முதல் முடிவு வரை பெட்டியையும் காட்போட்டையும்தான் பார்த்தார்.

9

கையெழுத்துப் பிரதியை ரம்ஸியா வாசித்தாள். கடைசித் தாளை என்னிடம் நீட்டினாள். (எங்கள் வழக்கில் அண்ணன் 'நானா'.)

"நானா, கதையிலயாச்சும் பாஸ் பண்ண வையுங்களேன். ஒரு வரிதானே."

ஒரு வரிதான். அவளுக்காக எழுத உட்கார்ந்தேன். 'இரண்டாவது வெடியும் கட்டத்துக்குள்—' இவ்வளவு எழுதிய பின், அவனை வீட்டுக்கு அழைத்து வந்து சாப்பாட்டுக்கு இருத்த வேண்டும். அப்போது அவனுடைய உதடு அசைகிறதா, இல்லையா? அசைகிறது என்று எழுதினால் தண்ணீர் யோசனை எதையும் கெடுக்கவில்லை என்றாகிறது, நான் தப்பிவிடுகிறேன். இல்லை என்று எழுதினால், வீட்டில் கண்டதையே அவள் இன்னொரு தடவை வாசிக்க வேண்டி வரும்.

வேறு முடிவுகளையும் முயன்றேன். கில்பட் எழுந்து, "சேர், அவன் ஒரு சொல் சொல்லித்தான் சுடுற ஆள், அதுக்கு இடம் குடுங்கோ," என்று கேட்கும் முடிவு. பரீட்சகர் தொப்பியைக் கழற்றும் முடிவு. ஃபாஹிம் துப்பாக்கியை மணலில் வைத்துவிட்டு, 'இனி எவரையும்—' (இது பேச்சுப் போட்டி. அவன் அப்படிப் பேசுகிறவனல்லன்.)

ஆகவே, மதிப்பிற்குரிய வாசகரே, அந்த இரண்டாவது வெடியை உங்களிடம் ஒப்படைக்கிறேன். பின்வரும் இடைவெளியை நிரப்பிக்கொள்ளுங்கள்:

இரண்டாவது வெடி .......................................... விழுந்தது.

எதைக் கொண்டு நிரப்பினாலும் உங்களோடு வாதாட மாட்டேன். ஆனால் கீழே வருவது, நீங்கள் எழுதுவதற்கு முன்னமே நடந்து முடிந்துவிட்டது. அதை மட்டும் என்னால் மாற்ற இயலவில்லை.

10

நவம்பர் மூன்றாந் திகதி வரைக்கும் இழந்தவை:

பதினான்கு ஆண்டு மெய்க்காவல் வேலை.

ஆயுதம் தரிக்கும் அனுமதி அட்டை ஒன்று.

அந்த வீட்டில் ஓர் ஆள். மாதத்தில் இரண்டு நாள் வருவார். ஹம்பாந்தோட்டை பஸ்ஸில் போக ஒரு பகல், வர ஒரு பகல்.

அஸ்கா காலையில் வாப்பாவோடு பாடசாலைக்குப் போகும் இருபது நிமிடம்.

ஒரு சொல், அது இருந்த இடத்திலிருந்து.

'மச்சான்' என்ற அழைப்பு. தொலைபேசியில் ரம்ஸியாவிடம், "உங்கட நானா சுகமா?" என்று விசாரிக்கிறார். எனக்கு எடுப்பதில்லை.

மொத்தம் ஆறு. ஏழாவது ஒன்றும் இருப்பதாக ரம்ஸியா சொல்கிறாள். அதை எழுத அவள் அனுமதி தரவில்லை.